கோர்னீலியா கிராஸ்பி

கோர்னீலியா தர்சா கிராஸ்பி (நவம்பர் 10, 1854 – நவம்பர் 11, 1946) ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த மீன்பிடி வழிகாட்டியும் இதழ் எழுத்தாளரும் ஆவார். பிளை ராட் என்னும் புனைபெயராலேயே இவர் பரவலாக அறியப்பட்டார். செயற்கை ஈயைக் கொண்டு மீன்பிடிக்கும் நீண்ட தூண்டிற்கோலை ஆங்கிலத்தில் குறிக்கும் பெயர் அது. மேய்ன் மாநிலம் 1897-ஆம் ஆண்டில் வழிகாட்டிகளுக்கான பதிவுமுறையைக் கொண்டுவந்தபோது, முதலாம் எண் உரிமம் இவருக்கு வழங்கப்பட்டது.

மேய்னின் ரேஞ்ச்லி ஏரிப்பகுதியையும் அங்கு இயற்கையாக வாழ்ந்த ஓடை டிரவுட் என்னும் நன்னீர் மீனையும் அமெரிக்காவின் பெருநகர மக்களிடம் அறிமுகப்படுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். இவருடைய எழுத்தாலும் விளம்பரப் பணியாலும் பயணிகள் பெருந்தொகையில் அப்பகுதிக்கு வந்தனர். பயணிகள் பெருகப் பெருக, அவர்களை ஈர்த்த மீன்கள் குறையத் தொடங்கின. ஓர் இடத்தைப் புகழ்பெறச் செய்வதும் அவ்விடத்தைக் காப்பதும் எவ்வாறு ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதை இவரது வாழ்க்கை வரலாற்றில் காணலாம்.

பிறப்பும் இளமையும்

கிராஸ்பி மேய்ன் மாநிலத்தின் பிராங்க்ளின் கவுண்டியில் உள்ள பிலிப்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சாண்டி ஆற்றின் கரையில், மலைகளும் காடுகளும் சூழ அமைந்த ஊர் இது. இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை காச நோயால் இறந்தார். பின்னர் இவருடைய அண்ணனும் அதே நோய்க்குப் பலியானார். அக்காலத்தில் காச நோய்க்கு மருந்து கிடையாது. தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவுமே மருத்துவர்கள் பரிந்துரைக்கக் கூடியவையாக இருந்தன.

கிராஸ்பி மாநிலத் தலைநகரான அகஸ்டாவில் இருந்த புனித கேத்தரின் பெண்கள் பள்ளியில் கல்வி கற்றார். அதன் பின் பிலிப்ஸ் ஊரின் வங்கியில் பணிபுரிந்தார். நல்ல உயரமான தோற்றம் உடையவர், இவரது உயரம் ஏறத்தாழ 6 அடி (183 செ.மீ.) என்பர். ஆயினும் உடல்நலம் மென்மையாகவே இருந்தது. தந்தையையும் அண்ணனையும் கொண்டுபோன நோய் இவரையும் பற்றக்கூடும் என்ற அச்சம் இருந்ததால், மருத்துவர்கள் அறைக்குள் அமர்ந்து செய்யும் வேலையைக் குறைத்து, வெளிக்காற்றில் மிகுதியான நேரத்தைச் செலவிடுமாறு அறிவுறுத்தினர். இதனால் இவர் அருகிலிருந்த ரேஞ்ச்லி ஏரிப்பகுதிக்குச் சென்று, அங்கிருந்த கோடைக்கால விடுதிகளில் பணிபுரியத் தொடங்கினார். விடுதிகளில் தங்கியிருந்த உள்ளூர் வழிகாட்டிகளிடமிருந்து காட்டில் நடக்கவும், படகு செலுத்தவும், மீன் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். உடல்நலத்துக்காகத் தொடங்கிய இப்பழக்கமே பின்னாளில் இவரது தொழிலாக மாறியது.

ரேஞ்ச்லி ஏரிகளும் மீன்களும்

ரேஞ்ச்லி ஏரிகள் மேற்கு மேய்னில், நியூ ஹாம்சயர் மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ளன. ரேஞ்ச்லி, மூஸ்லுக்மெகன்டிக், கப்சப்டிக், மேல் ரிச்சர்ட்சன், கீழ் ரிச்சர்ட்சன், அம்பேகாக் ஆகிய ஏரிகள் சங்கிலி போல் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. இவற்றின் நீர் இறுதியில் ஆண்ட்ரோஸ்காகின் ஆறாக வெளியேறுகின்றது. கென்னிபாகோ, மகாலவே, ரேபிட் முதலிய ஆறுகள் இத்தொகுதியைச் சேர்ந்தவை.

இந்நீர்நிலைகளின் சிறப்புக்குக் காரணமான மீன் ஓடை டிரவுட் ஆகும். இதன் அறிவியற் பெயர் சால்வெலினஸ் ஃபான்டினாலிஸ். பெயரில் டிரவுட் என்று இருந்தாலும், உயிரியல் வகைப்பாட்டின்படி இது சார் என்னும் மீன் பேரினத்தைச் சேர்ந்தது. முதுகில் புழு ஊர்ந்தது போன்ற வெளிர்நிற வரிகளும், பக்கங்களில் நீல வளையத்தால் சூழப்பட்ட சிவப்புப் புள்ளிகளும், கீழ்த் துடுப்புகளின் முன்விளிம்பில் வெண்ணிறக் கோடும் காணப்படும். குளிர்ந்த, தூய்மையான, ஆக்சிசன் நிறைந்த நீரிலேயே இது வாழும். நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டினால் துன்புறத் தொடங்கும். இலையுதிர் காலத்தில், நிலத்தடி நீர் ஊறும் சரளைக்கல் படுகைகளில் முட்டையிடும். மரங்களை வெட்டுவதால் நிழல் குறைந்தாலோ, அணையால் ஓட்டம் நின்றாலோ, சரளைக்கற்களை மண் மூடினாலோ இம்மீன் முதலில் பாதிக்கப்படும். எனவே ஒரு நீர்நிலையில் ஓடை டிரவுட் இருப்பது அந்நீரின் நலத்தைக் காட்டும் அடையாளமாகக் கருதப்படுகின்றது.

பெரும்பாலான ஓடைகளில் இம்மீன் கையளவுக்கு மேல் வளர்வதில்லை. ஆனால் ரேஞ்ச்லி ஏரிகளில் 8 பவுண்டு (3.6 கிலோகிராம்) எடையைத் தாண்டிய மீன்களும் பிடிபட்டன. 1860-களில் ஜார்ஜ் ஷெப்பர்ட் பேஜ் என்பவர் இங்கிருந்து பெரிய மீன்களை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று காட்டியபோது, அவை ஓடை டிரவுட் அல்ல என்று பலர் ஐயுற்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற இயற்கையறிஞர் லூயி அகாசி அவற்றை ஓடை டிரவுட் என உறுதிசெய்தார். இதன் பின்னரே செல்வந்தரான நகரத்தார் இவ்வேரிகளை நாடி வரத் தொடங்கினர்.

இம்மீன்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு மற்றொரு மீன் காரணமாக இருந்தது. நீலமுதுகு டிரவுட் எனப்பட்ட அச்சிறிய மீன் ஆர்க்டிக் சார் இனத்தின் ஒரு வடிவமாகும். சார்லஸ் ஜிரார்டு என்னும் மீனியலாளர் இதனை 1854-இல் அறிவியலுக்கு விவரித்தார். ரேஞ்ச்லி ஏரியின் மற்றொரு பெயரான ஒக்குவாசாக் என்பதிலிருந்தே இதற்கு ஒக்குவாசா என்னும் அறிவியற் பெயர் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஆழ்நீரில் வாழ்ந்த இம்மீன்கள், இலையுதிர் காலத்தில் முட்டையிடுவதற்காகத் திரள்திரளாகக் கரையோரத்துக்கும் ஓடைகளுக்கும் வந்தன. அவையே பெரிய ஓடை டிரவுட்டுகளுக்கு உணவாயின. உள்ளூர் மக்களும் அவற்றை வலைவீசிப் பிடித்து, உப்பிட்டுக் குளிர்காலத்துக்குச் சேமித்தனர்.

ஈத்தூண்டில் முறை

கிராஸ்பி கற்றுத் தேர்ந்த ஈத்தூண்டில் முறை, சாதாரணத் தூண்டில் முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதாகும். சாதாரண முறையில் ஈயக்குண்டு அல்லது இரையின் எடை முன்னே பறந்து, மெல்லிய நூலைத் தன்னோடு இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் இரைக்கு எடையே இல்லை எனலாம். இறகு, விலங்கு மயிர், பட்டுநூல் ஆகியவற்றைச் சிறு தூண்டில் முள்ளின் மீது கட்டி, பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ தோன்றும்படி அது செய்யப்படுகின்றது. இதனைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வது நூலின் எடையே. கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது அது வில்லைப் போல் வளைந்து ஆற்றலைச் சேமித்து, பின்னர் நிமிரும்போது அவ்வாற்றலை நூலுக்குக் கொடுக்கின்றது. நூல் காற்றில் வளையமாக விரிந்து சென்று, இறுதியில் இரையை நீர்ப்பரப்பில் மெதுவாக வைக்கின்றது.

அக்காலத்தில் நூல் பட்டால் பின்னப்பட்டு எண்ணெய் ஊட்டப்பட்டிருந்தது. கோல்கள் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஆறு கீற்றுகளை அறுகோண வடிவில் ஒட்டிச் செய்யப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கைவினைஞர்கள் இதற்குப் பெரும்பாலும் கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான இந்திய மூங்கிலையே பயன்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. ரேஞ்ச்லிப் பகுதியிலேயே தோன்றிப் புகழ்பெற்ற செயற்கை ஈக்களும் உண்டு. ஹென்றி வெல்ஸ் என்பவர் உருவாக்கிய பார்மச்சீன் பெல் அவற்றுள் ஒன்று. இது உண்மையில் எந்தப் பூச்சியையும் போன்றதன்று. ஓடை டிரவுட்டின் சிவப்பும் வெள்ளையுமான வயிற்றுத் துடுப்பைப் போன்று அமைக்கப்பட்டது.

புனைபெயர்

1886-ஆம் ஆண்டில் சார்லஸ் வீலர் என்னும் தூண்டிற்கோல் கைவினைஞர் 5 அவுன்சு (சுமார் 142 கிராம்) எடையுள்ள மூங்கில் ஈத்தூண்டிற்கோல் ஒன்றைக் கிராஸ்பிக்குப் பரிசளித்தார். அதுவரை பொழுதுபோக்காக இருந்த மீன்பிடிப்பில் இவர் தனித்திறன் பெற இது காரணமாயிற்று. குறுகிய காலத்தில், அப்பகுதியின் தேர்ந்த ஆடவர்களுக்கு இணையாக, பெருந்தொகையான மீன்களைப் பிடிப்பவர் என்ற பெயர் இவருக்கு ஏற்பட்டது.

தம் மீன்பிடி அனுபவங்களை எழுதி, தம் ஊரில் வெளிவந்த பிலிப்ஸ் போனோகிராப் என்னும் வார இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதனை விரும்பி வெளியிட்டதோடு, பிளை ராட் என்னும் பெயரில் மேலும் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது. பின்னாளில் பிளை ராட் என்று குறிப்பிட்டாலே மேய்ன் மக்கள் இவரை அறிந்துகொள்ளும் நிலை ஏற்பட்டது.

பிளை ராடின் குறிப்பேடு என்னும் பொருள்படும் தலைப்பில் வந்த இவரது பத்தி, பாசுட்டன், நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களின் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. எந்த ஏரியில் பனிக்கட்டி உருகியது, எந்த விடுதியில் யார் தங்கியுள்ளார், எவர் எவ்வளவு எடையுள்ள மீனைப் பிடித்தார், வழிகாட்டி யார் என்பன போன்ற செய்திகள் இவரது எழுத்தில் நிறைந்திருந்தன. நகரத்தில் இருந்த வாசகர் அடுத்த கோடை விடுமுறையை எங்கே கழிக்கலாம் என்று முடிவு செய்வதற்கு வேண்டிய செய்திகளே இவை. வழிகாட்டிகளின் பெயர்களும் அச்சில் வந்தமையால், அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தனர்.

வழிகாட்டிகளின் பணி

மேய்ன் காடுகளில் வழிகாட்டும் தொழில் கிராஸ்பியின் காலத்துக்கு நெடுநாள் முன்பே இருந்து வந்தது. அப்பகுதியின் தொல்குடிகளான வாபனாகி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாறுகளில் பிர்ச்சு மரப்பட்டைப் படகுகளில் பயணம் செய்துவந்தனர். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1857-இல் மேய்ன் காடுகளுக்குச் சென்றபோது அவரை அழைத்துச் சென்ற ஜோ போலிஸ், வாபனாகியருள் ஒரு பிரிவினரான பெனாப்ஸ்காட் மக்களைச் சேர்ந்தவர். பின்னர் குடியேறிய வேளாண் குடும்பத்தினரும் மரம் வெட்டுவோரும் கோடைக்காலத்தில் இத்தொழிலை மேற்கொண்டனர்.

வழிகாட்டி என்பவர் வெறுமனே பாதையைக் காட்டுபவர் அல்லர். வேகமான நீரோட்டமும் மெதுவான நீரோட்டமும் சந்திக்கும் கோட்டில் மீன் இரைக்காகக் காத்திருக்கும் என்பதையும், கோடை வெப்பத்தில் அது குளிர்ந்த ஊற்று கலக்கும் இடத்தைத் தேடும் என்பதையும் அறிந்து, அதற்கேற்பப் படகை நிறுத்த வேண்டும். ரேஞ்ச்லிப் படகு எனப்படும், இரு முனையும் கூர்மையான, ஏறத்தாழ 17 அடி நீளமுள்ள மரப்படகு இதற்கென்றே அங்கு உருவானது. துடுப்பின் ஓசை மீனைக் கலைக்காதவாறு படகைச் செலுத்துவதும், பிடிபட்ட மீனைக் கைவலையில் எடுப்பதும், கரையில் தீமூட்டிச் சமைப்பதும், புயல் எழுந்தால் பயணியைப் பத்திரமாக விடுதிக்குக் கொண்டுசேர்ப்பதும் வழிகாட்டியின் கடமைகளாக இருந்தன. காட்டை அறியாத பயணியின் உயிர் பல நேரங்களில் வழிகாட்டியின் கையில் இருந்தது. அவ்வாறிருந்தும், யார் வேண்டுமானாலும் தம்மை வழிகாட்டி என்று கூறிக்கொள்ளக் கூடிய நிலையே 1897 வரை நிலவியது.

தொடர்வண்டியும் கண்காட்சிகளும்

ரேஞ்ச்லிப் பகுதியின் வளர்ச்சிக்குத் தொடர்வண்டிப் பாதை இன்றியமையாததாக இருந்தது. 2 அடி (610 மி.மீ.) அகலமே கொண்ட சாண்டி ஆற்றுக் குறுகிய தொடர்வண்டிப் பாதை 1879-இல் பிலிப்ஸ் ஊரை வந்தடைந்தது. 1891-இல் மற்றொரு நிறுவனம் அதனை ரேஞ்ச்லி வரை நீட்டியது. இதனால் பாசுட்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து புறப்பட்ட பயணி, முன்போல் கரடுமுரடான சாலையில் குதிரை வண்டியில் பயணம் செய்யாமலேயே ஏரிக்கரையை அடைய முடிந்தது.

மாநிலத்தின் பெரிய தொடர்வண்டி நிறுவனமான மேய்ன் சென்ட்ரல், பயணிகளை ஈர்ப்பதற்காகக் கிராஸ்பியைப் பணியில் அமர்த்தியது. 1890-களின் நடுப்பகுதியிலிருந்து நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் நடைபெற்ற வேட்டை, மீன்பிடிக் கண்காட்சிகளில் இவர் மேய்ன் மாநிலத்துக்கான காட்சிக்கூடத்தை அமைத்தார். மரக்கட்டைகளால் கட்டப்பட்ட குடில், பதப்படுத்தப்பட்ட விலங்குகள், தொட்டியில் நீந்தும் உயிருள்ள மீன்கள், மேய்னிலிருந்து அழைத்துவரப்பட்ட வழிகாட்டிகள் என மேய்ன் காட்டின் ஒரு பகுதியே நகரின் நடுவே எழுந்தது. அக்காட்சிக்கூடத்தில் துப்பாக்கியும் தூண்டிற்கோலும் ஏந்தி நின்ற கிராஸ்பியைக் காண மக்கள் திரண்டனர். பெண்களின் பாவாடை தரையைத் தொட்ட அக்காலத்தில், காட்டில் நடப்பதற்கு ஏற்றவாறு கணுக்காலுக்கு மேல் உயர்த்தித் தைக்கப்பட்ட தோல் பாவாடையை இவர் அணிந்திருந்தது செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டது. புகழ்பெற்ற துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியுடன் இவருக்கு நட்பு இருந்தது.

பெண்களும் காட்டுக்கும் ஆற்றுக்கும் வரலாம், தாமே தூண்டில் வீசலாம் என்று கிராஸ்பி தொடர்ந்து எழுதிவந்தார். கணவருடன் விடுதிக்கு வந்து திண்ணையில் அமர்ந்திருந்த பெண்களைப் படகில் ஏறவைத்ததில் இவரது எழுத்துக்குப் பங்கு உண்டு. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் வருவாயிலேயே வாழ்ந்தார்.

வழிகாட்டிகள் பதிவுச் சட்டம்

1897-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் மேய்ன் சட்டமன்றம் வழிகாட்டிகள் மாநில அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டம் நிறைவேறுவதற்குக் கிராஸ்பி ஆதரவு திரட்டினார். முதல் ஆண்டில் 1,316 வழிகாட்டிகள் பதிவு செய்துகொண்டனர். அவர்களுள் முதலாம் எண் கிராஸ்பிக்கு வழங்கப்பட்டது.

கிராஸ்பி அன்றாடம் படகு வலித்துப் பிழைத்த முழுநேர வழிகாட்டி அல்லர். இவரது முதன்மையான தொழில் எழுத்தும் விளம்பரமுமே ஆகும். எனவே முதலாம் எண் இவருக்குக் கிடைத்ததை, மாநிலத்துக்கு இவர் ஆற்றிய பணிக்கான மதிப்பாகவே கொள்ள வேண்டும். ஆயினும் அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்ற 1920-ஆம் ஆண்டுக்கு 23 ஆண்டுகள் முன்னதாகவே, ஆடவர்களின் தொழிலாகக் கருதப்பட்ட ஒன்றில் ஒரு பெண்ணுக்கு முதல் எண் அளிக்கப்பட்டது சிறப்புக்குரியது.

இச்சட்டத்தின் பயன் பெருமையோடு நிற்கவில்லை. காட்டிலும் ஆற்றிலும் பயணிகளை அழைத்துச் செல்வோர் யார் யார் என்ற பட்டியல் முதன்முறையாக மாநிலத்துக்குக் கிடைத்தது. சட்டத்தை மீறும் வழிகாட்டிக்குத் தொழிலை இழக்கும் அபாயம் உண்டானது. மீன்பிடிப் பருவத்தையும் அளவையும் மதித்து நடக்குமாறு பயணியிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள், படகில் அவருடன் இருக்கும் வழிகாட்டியே. அந்த வகையில் இது மீன்களைக் காப்பதற்கான ஏற்பாடாகவும் அமைந்தது.

மீன்வளம் குறைதல்

ரேஞ்ச்லிக்கு வந்த பயணிகள் எண்ணற்ற மீன்களைப் பிடித்தனர். ஒரே நாளில் பிடித்த மீன்களைக் கோலில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அக்கால வழக்கம். தொடக்கத்தில் கிராஸ்பியின் புகழும் இத்தகைய எண்ணிக்கைகளையே சார்ந்திருந்தது. ஆனால் காலப்போக்கில், ஒருவர் பிடிக்கக்கூடிய மீன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றும், தேவைக்கு மிஞ்சியவற்றை உயிருடன் நீரில் விட வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தலானார். அவை இல்லையேல் விடுதிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் எதிர்காலம் இல்லை என்பதை இவர் உணர்ந்திருந்தார்.

மிகுதியாகப் பிடித்ததால் மட்டும் கேடு விளையவில்லை. 1870-களில் நன்னீர்ச் சால்மன் மீன்கள் ரேஞ்ச்லி ஏரிகளில் விடப்பட்டன. வருவோருக்கு மேலும் ஒரு மீன் வகை கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்திலேயே இது செய்யப்பட்டது. விரைவாக நீந்தும் சால்மன், ஓடை டிரவுட்டுக்கு உணவாக இருந்த நீலமுதுகு மீன்களை வேட்டையாடியது. சால்மனுக்கு உணவாகட்டும் என்று பின்னர் கொண்டுவரப்பட்ட ஸ்மெல்ட் என்னும் சிறுமீன், நீலமுதுகு மீனின் உணவுக்குப் போட்டியாக வந்தது. முட்டையிட வரும் காலத்தில் மக்கள் வலைவீசிப் பிடித்ததும் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் நீலமுதுகு டிரவுட் ரேஞ்ச்லி ஏரிகளிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது. அதனோடு ஓடை டிரவுட் பேருருவம் பெற்ற காலமும் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

காட்டு விலங்குகளிலும் இதே நிலை காணப்பட்டது. மேய்னில் சட்டப்படி சுடப்பட்ட கடைசிக் காரிபு மானை 1898-இல் வீழ்த்தியவர் கிராஸ்பியே என்று கூறப்படுவதுண்டு. அதன் பின் காரிபு வேட்டை தடைசெய்யப்பட்டது. எனினும் சில ஆண்டுகளில் அவ்விலங்கு மேய்னிலிருந்து மறைந்தது. தடை காலந்தாழ்ந்து வந்தது என்பது தெளிவு.

விபத்தும் பிற்காலமும்

1899-ஆம் ஆண்டளவில் தொடர்வண்டி நிலையத்தில் நேர்ந்த ஒரு விபத்தில் கிராஸ்பியின் முழங்கால் கடுமையாகக் காயமுற்றது. நெடுங்காலம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அதன் பிறகு பழையபடி காட்டில் நடக்கவும் நீரில் இறங்கி நின்று தூண்டில் வீசவும் இவரால் இயலவில்லை. எந்தக் காட்டுவாழ்க்கை இவருக்கு உடல்நலத்தையும் புகழையும் அளித்ததோ, அதனை நாற்பதுகளின் நடுவில் இவர் பெருமளவு இழந்தார். ஆயினும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஊன்றுகோலின் துணையுடன் விடுதிகளுக்குச் சென்று செய்தி சேகரித்து, மேய்ன் உட்ஸ் போன்ற இதழ்களில் தொடர்ந்து எழுதிவந்தார்.

பிற்காலத்தில் இவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். ஒக்குவாசாக் ஊரில் ஏரிகளின் அன்னை என்னும் பெயரில் அமைந்த ஆலயத்தைக் கட்டுவதற்கு நிதி திரட்ட உதவினார். கோடைக்காலத்தில் வந்துசெல்லும் பயணிகளும் அவர்களிடம் பணிபுரிந்தோரும் வழிபட இவ்வாலயம் பயன்பட்டது.

தானுந்துகள் பெருகியபோது தொடர்வண்டியின் சிறப்புக் குறைந்தது. பெரிய விடுதிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. தாம் விளம்பரப்படுத்திய உலகம் மாறிப்போனதைக் காணும் அளவுக்குக் கிராஸ்பி நெடுநாள் வாழ்ந்தார். இளமையில் நோயால் இறந்துவிடுவாரோ என்று அஞ்சப்பட்ட இவர், தமது 92-ஆம் பிறந்த நாளுக்கு மறுநாளான 1946 நவம்பர் 11 அன்று காலமானார். பிலிப்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஸ்ட்ராங் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கமும் நினைவும்

கிராஸ்பிக்குப் பின் ரேஞ்ச்லிப் பகுதியில் புகழ்பெற்ற பெண்களுள் கேரி ஸ்டீவன்ஸ் (1882–1970) குறிப்பிடத்தக்கவர். மீன்பிடி வழிகாட்டி ஒருவரின் மனைவியான இவர், 1924 சூலை 1 அன்று தாமே கட்டிய செயற்கை ஈயைக் கொண்டு 6 பவுண்டு 13 அவுன்சு (சுமார் 3.1 கிலோகிராம்) எடையுள்ள ஓடை டிரவுட்டைப் பிடித்தார். சிறுமீனைப் போன்ற தோற்றமுடைய இவரது கிரே கோஸ்ட் என்னும் ஈ உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. அது உருவகப்படுத்தியது ஸ்மெல்ட் மீனை. அதாவது நீலமுதுகு டிரவுட்டின் இடத்தைப் பிடித்த மீனின் வடிவமே இப்போது இரையாயிற்று.

1897-இல் தொடங்கிய பதிவுமுறை இன்றும் மேய்னில் நடைமுறையில் உள்ளது. வழிகாட்டியாக விரும்புவோர் தற்போது தேர்வில் வெற்றிபெற வேண்டும். வரைபடம் பார்த்தல், முதலுதவி, மீன், விலங்குச் சட்டங்கள், காணாமற்போனவரைத் தேடுதல் முதலியவற்றில் அவர்களது திறன் சோதிக்கப்படுகின்றது.

ஓடை டிரவுட்டை மேய்ன் மாநிலம் 2005-இல் மரபு மீனாக அறிவித்தது. வெளியிலிருந்து மீன் விடப்படாத ஏரிகளில் இயல்பாக வாழும் ஓடை டிரவுட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. பின்னர் ஆர்க்டிக் சாரும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரேஞ்ச்லியில் மறைந்துபோன நீலமுதுகு மீனின் உறவினங்கள் மேய்னின் தொலைதூர ஏரிகள் சிலவற்றில் மட்டும் எஞ்சியுள்ளன. ரேபிட் ஆறு போன்ற இடங்களில் பிடித்த ஓடை டிரவுட்டை உயிருடன் விடவேண்டும் என்ற விதி உள்ளது. எனினும் 1980-களில் அம்பேகாக் ஏரியில் சட்டத்துக்குப் புறம்பாக விடப்பட்ட சிறுவாய் பாஸ் என்னும் அயல் மீன் அவ்வாற்றிலும் பரவி, ஓடை டிரவுட்டுக்குப் புதிய அச்சுறுத்தலாக உள்ளது.

கிராஸ்பியின் வாழ்க்கையைப் பற்றி ஜூலியா ஹன்டர், ஏர்ல் ஷெட்டில்வொர்த் ஆகியோர் எழுதிய நூல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேய்னைச் சந்தைப்படுத்திய பெண் என்று பொருள்படும் அதன் துணைத் தலைப்பு, இவரது பணியைச் சுருக்கமாகக் காட்டுகின்றது. ஸ்ட்ராங் ஊரிலிருந்து பிலிப்ஸ் வழியாக ரேஞ்ச்லி நோக்கிச் செல்லும் நடைபாதை ஒன்றுக்கு இவரது புனைபெயர் சூட்டப்பட்டுள்ளது. உடல்நலம் தேடிக் கிராஸ்பி முதலில் சென்ற வழியும் ஏறத்தாழ அதுவே ஆகும்.